ஆவடியிலிருந்து தில்லிக்கு: ஒரு சுற்றுலாத் திட்டத்தின் வரலாறு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று விரியும் சென்னையின் மேற்குப் புறநகர்களில் 'தில்லி டூர்' என்ற சொற்சேர்க்கைக்குத் தனியான ஓர் எடை உண்டு. திருப்பதி போவதும் ஊட்டி போவதும் போய் வருவதோடு முடிந்துவிடும். தில்லி அப்படியல்ல. அதற்கு ஓராண்டு முன்பே பேச்சு தொடங்கும். விடுப்பு விண்ணப்பம், முன்பணம், ரயில் முன்பதிவு, கம்பளி உடை, தில்லியில் இருக்கும் தூரத்து உறவினரின் முகவரி என்று ஒவ்வொன்றாகச் சேரும். போய் வந்த பின்னும் பல ஆண்டுகளுக்கு வீட்டின் காலக்கணக்கு 'தில்லி போன வருஷம்' என்பதை ஒட்டியே நடக்கும்.

பயணத் திட்டம் என்பது ரயில் நேரமும் விடுதி அறையும் பார்க்கவேண்டிய இடங்களும் அடங்கிய ஒரு தாள் என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். ஆனால் அந்தத் தாளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. யார் போகலாம், எந்த மாதத்தில் போகலாம், செலவை யார் ஏற்பது, போய் எதைப் பார்ப்பது ஆகிய நான்கு கேள்விகளுக்கும் விடை நம் வீட்டுக் கூடத்தில் மட்டும் முடிவாவதில்லை. அவற்றில் பெரும்பகுதி நமக்கு வெகுமுன்பே வேறெங்கோ முடிவாகிவிட்டது. ஆவடியைப் பொறுத்தவரை, அதன் ஒரு பகுதி ஆவடியிலேயே முடிவாயிற்று என்பதுதான் இக்கட்டுரையின் செய்தி.

*

தில்லி தமிழருக்குப் பார்க்கவேண்டிய ஊராக ஆனது மிக அண்மைக்காலத்தில்தான். அதற்குமுன் அது படைகள் புறப்பட்டு வரும் திசை. பறிகொடுத்ததை மீட்கப் போகவேண்டிய இடம். திருவரங்கத்தின் கோயிலொழுகு சொல்லும் கதையில், தில்லிக்குக் கொண்டுசெல்லப்பட்ட அழகிய மணவாளரின் திருமேனியைப் பின்தொடர்ந்து போனவள் கரம்பனூரைச் சேர்ந்த ஒரு பெண். பின்சென்றவல்லி என்று அவளை மரபு அழைக்கிறது. திருமேனி மீண்டு வந்ததும், அதன்மேல் காதல்கொண்ட சுல்தானின் மகள் துலுக்க நாச்சியாராகக் கோயிலுக்குள் இடம்பெற்றதும் அக்கதையின் பிற்பகுதி. வரலாறு எவ்வளவு, ஐதிகம் எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். தமிழ் நினைவில் முதன்முதலாகத் தில்லிப் பயணம் மேற்கொண்டவள் என்று யாரையாவது சுட்டவேண்டுமானால் இந்தப் பெண்ணைத்தான் சுட்டத் தோன்றுகிறது. அவள் ஊர்பார்க்கப் போகவில்லை. அதுபோலவே, செஞ்சியின் தேசிங்குராஜன் கதைப்பாடலில் வரும் தில்லியும் அடங்காத குதிரையை அடக்கிக் காட்டவேண்டிய பாதுஷாவின் சபை. அங்கு போகிறவனுக்குச் சோதனை காத்திருக்கிறது, காட்சி காத்திருக்கவில்லை.

எங்கள் பூந்தமல்லிக்கும் தில்லிக்குமான உறவும் இப்படி மேலிருந்து கீழாக வந்த உறவுதான். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் இடம் தந்த தாமர்ல வேங்கடப்பரின் தம்பி ஐயப்பர் பூந்தமல்லியில் இருந்துகொண்டே இப்பகுதியைக் கவனித்துவந்தார். பின்னர் பூந்தமல்லிச் சீமை கோல்கொண்டாவின் கைக்குப் போயிற்று. 1687இல் கோல்கொண்டாவை ஔரங்கசீப் வென்றபோது, பூந்தமல்லி யாரும் கேட்காமலேயே முகலாயப் பேரரசின் பகுதியாயிற்று. 1715இல் கம்பெனியின் தூதுக்குழு ஒன்று ஜான் சர்மன் தலைமையில் கல்கத்தாவிலிருந்து தில்லி போய்ச் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்துக் கிடந்தது. பேரரசர் ஃபரூக்சியர் 1717இல் அளித்த ஃபர்மானில் வங்கத்து வணிகச் சலுகைகளோடு, சென்னையை அடுத்த ஐந்து கிராமங்கள் பற்றிய உறுதியும் அடங்கியிருந்தது. திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்பன அவை. வியாசர்பாடிக்காரர் எவரும் தில்லியைப் பார்த்திராத காலத்தில் வியாசர்பாடியின் விதி தில்லியில் எழுதப்பட்டது.

அக்காலத்து மக்கள் வடக்கே நெடும்பயணம் போகவில்லையா என்றால், போனார்கள், காசிக்குப் போனார்கள். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே 18 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டு, பெரிய பரிவாரத்தோடு திருப்பதி, கடப்பை, ஹைதராபாத், நாகபுரி வழியாகக் காசிக்குச் சென்று, 1831 செப்டம்பரில் திரும்பினார். பதினைந்து மாதங்களுக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தை அவர் தெலுங்கில் எழுதிவைத்த 'காசியாத்திரை சரித்திரம்' இன்றும் படிக்கக் கிடைக்கிறது. எங்கே தங்கலாம், என்ன பொருள் எங்கே கிடைக்கும், எந்த ஆற்றை எப்போது கடக்கலாம் என்று பின்வருவோருக்காக அவர் குறித்திருப்பவற்றைப் பார்க்கும்போது, பயணத்தைத் திட்டமிடும் கலையில் நாம் அவரைத் தாண்டி அதிக தூரம் வந்துவிடவில்லை என்றே தோன்றுகிறது. ஆனால் வடக்கே போகிறவரின் கண் அன்று கங்கையின்மேல் இருந்தது. யமுனைக்கரையில் இருந்த தில்லியின்மேல் அல்ல.

*

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அது எங்கள் ஊர்களை ஊடுருவிக்கொண்டு மேற்கே சென்ற பாதை. அதே தடம் அரக்கோணம், கடப்பை, குண்டக்கல் என்று நீண்டு 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. வடநாடு செல்ல விரும்பியவருக்கு அது ஒரு வாயிலாயிற்று. பம்பாய் வழியாகத் தில்லிக்குப் போக விரும்பிய சென்னைவாசி அம்பத்தூரையும் ஆவடியையும் சன்னல் வழியே பார்த்துவிட்டுத்தான் போயிருக்கவேண்டும்.

1929இல் காஜிப்பேட்டைக்கும் பல்லார்ஷாவுக்கும் இடையிலான பாதை நிறைவடைந்தபோது நிலைமை மாறியது. சென்னையிலிருந்து கூடூர், விஜயவாடா, நாகபுரி, இடார்சி வழியாகத் தில்லிக்கு நேர்த்தடம் கிடைத்தது. அவ்வாண்டு பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ் பின்னர் சென்னைக்கும் தில்லிக்குமான வண்டியாக நிலைபெற்றது. 'ஜி.டி.' என்ற இரண்டெழுத்து பல தலைமுறைத் தமிழருக்குத் தில்லியின் மறுபெயர். 1976இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்துசேர்ந்தது. ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தொலைவு. இரண்டு இரவுகளும் ஒரு பகலும்.

இதில் மேற்குப் புறநகர்க்காரருக்கு மட்டும் உரிய ஒரு வேடிக்கை உண்டு. புதிய தடம் எங்கள் ஊர்களைத் தொடுவதில்லை. எனவே ஆவடியிலிருந்து வடமேற்கே இருக்கும் தில்லிக்குப் போகிறவர், முதலில் மின்ரயிலில் மூட்டை முடிச்சுகளோடு கிழக்கே சென்ட்ரலுக்குப் போய், அங்கிருந்துதான் வடக்கே திரும்பவேண்டும். பயணத்தின் முதல் மணிநேரம் தில்லியை விட்டு விலகிச் செல்வதில் கழிகிறது. எங்கள் தில்லிப் பயணத் திட்டங்கள் அனைத்திலும் எழுதப்படாத முதல் வரி இதுதான்.

*

தில்லி தலைநகராகும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911 டிசம்பர் 12 அன்று தர்பாரில் அறிவித்தார். லட்யன்ஸும் ஹெர்பர்ட் பேக்கரும் வடிவமைத்த புதுதில்லி 1931 பிப்ரவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. அந்த அலுவலகங்களை நிரப்பியவர்களில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுப் போன தமிழர்கள் கணிசமானவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1920களிலேயே தில்லியில் தமிழ்க் கல்வி அமைப்பு தோன்றியது. 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கம் உருவாயிற்று. கரோல் பாக் முதலில், பிறகு ராமகிருஷ்ணபுரத்தின் அரசுக் குடியிருப்புகள் என்று தமிழர் வாழிடங்கள் பெருகின. ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் எழுந்த சுவாமிநாத சுவாமி கோயில் 1973இல் குடமுழுக்குக் கண்டது. 'மலை மந்திர்' என்ற அதன் வழக்குப் பெயரில் ஒரு சொல் தமிழ், ஒரு சொல் இந்தி.

தில்லியின் இந்தத் தமிழ் வாழ்க்கையை இலக்கிய வாசகர் நன்கறிவார். இந்திரா பார்த்தசாரதியின் 'தந்திர பூமி', 'சுதந்திர பூமி', ஆதவனின் 'காகித மலர்கள்' ஆகியவை நமக்குக் காட்டிய தில்லியில் குதுப்மினார் முக்கியமில்லை. அலுவலக அறைகளும் பேருந்துகளும் விருந்துகளும், அவற்றுக்கிடையே தன்னைத் தொலைத்துக்கொள்ளும் மனிதர்களும்தான் முக்கியம். தி. ஜானகிராமன் அகில இந்திய வானொலியில் பணியாற்றியதும், க. நா. சு.வும் வெங்கட் சாமிநாதனும் நெடுங்காலம் வாழ்ந்ததும் அதே நகரில்தான். சுற்றுலாப் பயணிக்கோ இந்தத் தமிழ்த் தில்லியால் நடைமுறைப் பயன் ஒன்று இருந்தது: தங்க இடம். இரண்டு அறை கொண்ட அரசுக் குடியிருப்பில், முன்பின் பார்த்திராத ஒன்றுவிட்ட சித்தப்பாவின் வீட்டில், ஐந்து பேர் தரையில் படுத்துக்கொண்டு தலைநகரைப் பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் ஏராளம். அந்தச் சித்தப்பாக்களின் மனைவியரை எந்தச் சுற்றுலாத் துறையும் கௌரவித்ததாகத் தெரியவில்லை.

*

இனி 1955 ஜனவரிக்கு வருவோம். அம்மாதம் காங்கிரஸின் அறுபதாவது மாநாடு ஆவடியில் கூடியது. தலைமை வகித்தவர் உ. ந. தேபர். முதலமைச்சராகி ஓராண்டுகூட நிறையாத காமராஜர் மாநாட்டை ஏற்று நடத்தும் மாநிலத்தின் தலைவராக நின்றார். பிரதமர் நேரு உட்பட நாட்டை ஆண்டவர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவக் கிடங்குகள் எழுந்திருந்த இந்தப் பொட்டல்வெளிக்கு வந்து தங்கினார்கள். மாநாட்டுத் திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். 1930களில் மத்தியச் சட்டசபையில் சென்னையின் குரலாக ஒலித்தவர் சத்தியமூர்த்தி; காமராஜரின் அரசியல் ஆசான். தில்லிக்குப் போய்ப் பேசியவரின் பெயரிட்ட திடலுக்குத் தில்லி வந்து உட்கார்ந்தது. சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே குறிக்கோள் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. ஆவடித் தீர்மானம் என்று இந்திய அரசியல் வரலாற்றில் அது நிலைத்துவிட்டது.

அதே மாதத்தில்தான், 1955 ஜனவரி 26 அன்று, குடியரசு நாள் அணிவகுப்பு ராஜபாதையைத் தன் நிரந்தர இடமாகக் கொண்டது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அணிவகுப்பு இர்வின் விளையாட்டரங்கு, செங்கோட்டை என்று இடம் மாறிக்கொண்டிருந்தது. நாம் இன்று 'தில்லி' என்றதும் மனத்தில் எழும் அந்தக் காட்சி, ஒருபுறம் குடியரசுத் தலைவர் மாளிகையும் மறுபுறம் இந்தியா கேட்டுமாக நடுவே படைகள் நகரும் காட்சி, ஆவடி மாநாட்டின் சமவயதுக்காரர். இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் சில ஆண்டுகளிலேயே தொடர்பு வந்துவிட்டது.

பொதுத்துறையைப் பெருக்கும் கொள்கையின் காலத்தில், 1961இல், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. படையினருக்கான ஆடைத் தொழிற்சாலையும் அக்காலத்தில்தான் வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பில் உருவான விஜயந்தா டாங்கி 1965இல் ஆவடியிலிருந்து வெளிவந்தது. பின்னாளில் இங்குள்ள போர் ஊர்தி ஆய்வு நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் வந்தது. ராஜபாதையில் இந்த டாங்கிகள் உருண்டபோது, அவற்றின் பற்சக்கரத்தையும் பீரங்கி மேடையையும் கடைந்த கைகள் ஆவடிக் குடியிருப்பில் வானொலிக்கும் பின்னர் தொலைக்காட்சிக்கும் முன்னால் இருந்தன. தொழிலாளிக்கு முன்பே அவன் செய்த பொருள் தில்லியைப் பார்த்துவிட்டது.

தொழிலாளி தில்லிக்குப் போக வழிசெய்தது ஒரு சுற்றறிக்கை. மத்திய அரசு ஊழியருக்கான விடுப்புப் பயணச் சலுகை, அதாவது எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த 'எல்.டி.சி.', 1956 அக்டோபரில் அறிமுகமாயிற்று. முதலில் அது சொந்த ஊருக்குப் போய்வருவதற்கு மட்டுமே. மூன்றாம் ஊதியக் குழுவுக்குப் பின், 1970களில், நான்காண்டுத் தொகுதியில் ஒருமுறை இந்தியாவில் எந்த ஊருக்கும் போகலாம் என்று அது விரிந்தது. ஆவடிக்கு இந்த மாற்றம் பெரிதாகப்பட்டதற்குக் காரணம் உண்டு. பணியிடமும் சொந்த ஊரும் ஒன்றாக இருப்பவருக்கு முதல்வகைச் சலுகையால் பயனில்லை. கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்து வேலையில் சேர்ந்தவர் ஆண்டுவிடுமுறைக்கு ஊர்போனார். ஆவடியிலேயே பிறந்து ஆவடியிலேயே வேலை பார்த்தவருக்குப் போக ஊரில்லை. 'இந்தியாவில் எங்கும்' என்ற சொற்கள்தான் அவருக்கு ரயிலின் கதவைத் திறந்தன.

*

அந்தச் சலுகையின் விதிகள் எங்கள் பயணத் திட்டங்களை எப்படி வடித்தன என்பதைச் சற்றுக் கவனிக்கலாம். போகும் இடத்தை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கவேண்டும். மிகக் குறுகிய வழியின் கட்டணமே கணக்கில் வரும். கட்டணத்தில் 90 விழுக்காடு வரை முன்பணமாகக் கிடைக்கும். தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் பேருந்து எதுவும் அதில் சேராது. விளைவு என்ன? தொலைவான ஊரைத் தேர்ந்தால் சலுகையின் மதிப்புக் கூடும். அங்கே போனபின் செலவு செய்யக் கையில் காசு குறையும். ரயில் கட்டணத்தை அரசு தர, மீதியைச் சித்தப்பா வீடும் புளியோதரைப் பொட்டலமும் தாங்கின. காலையில் ஏறி மாலையில் இறங்கும் சுற்றுலாப் பேருந்தில், செங்கோட்டைக்கு ஒரு மணிநேரம், ராஜ்காட்டுக்குப் பத்து நிமிடம் என்று தலைநகர் ஒரே பகலில் பார்த்து முடிக்கப்பட்டது.

இதே மேற்குப் புறநகரில் இன்னொரு வகைத் தொழிலாளியும் இருக்கிறார். அம்பத்தூரில் 1949இலேயே சைக்கிள் தொழிற்சாலை வந்துவிட்டது. 1960களில் உருவான தொழிற்பேட்டை ஆயிரக்கணக்கான சிறுபட்டறைகளின் இருப்பிடமாயிற்று. ஆவடியின் டாங்கிக்கும் பாடியின் வாகன உதிரிபாகங்களுக்கும் தேவைப்பட்ட எத்தனையோ சில்லறை வேலைகளைச் செய்தவை இத்தகைய பட்டறைகள். பெரிய நிறுவனங்களில் பயணப்படி உண்டு. பத்துப்பேர் வேலைசெய்யும் கடைசல் பட்டறையில் அது கிடையாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பொருந்திய இடங்களில்கூட, 240 நாள் உழைத்தவருக்கு இருபது நாளுக்கு ஒருநாள் என்ற கணக்கில் பன்னிரண்டு நாள் சம்பள விடுப்புத்தான் கிடைத்தது. திருமணம், இழவு, காய்ச்சல், கோயில் திருவிழா எல்லாம் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்கவேண்டும். தில்லிக்குப் போகவரவே நான்கு இரவுகள் வேண்டும். ஒரே மின்ரயிலில் அருகருகே நின்று வேலைக்குப் போன இருவரில் ஒருவருக்குத் தலைநகர் நான்காண்டுக்கு ஒருமுறை திறந்தது, மற்றவருக்குத் திறக்கவேயில்லை.

'சலுகை' என்ற சொல்லை இங்கே நிறுத்திப் பார்க்கவேண்டியிருக்கிறது. குடிமகன் தன் நாட்டின் தலைநகரைக் காண்பது உரிமையா, சலுகையா? ஆவடித் தீர்மானம் பேசிய சமுதாயம் முழுமையாக வந்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திராது. தீர்மானம் நிறைவேறிய ஊரில் சலுகை கிடைத்தது. அடுத்த ரயில் நிலையங்களில் அதுவும் இல்லை. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. வரலாறு எந்த இடத்தில் வந்து நின்றது என்று குறித்துக்கொள்கிறோம்.

சலுகையின் பிற்கால வரலாறும் சுவையானது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 அக்டோபர் 12 அன்று, மத்திய அரசு ஒரு மாற்றுத் திட்டம் அறிவித்தது. பயணம் போகமுடியாத ஊழியர், கட்டணத்தைப்போல் மூன்று மடங்குத் தொகைக்குப் பொருள்களோ சேவைகளோ வாங்கினால், பயணம் போனதாகவே கொண்டு பணம் தரப்படும். பொருளுக்கு 12 விழுக்காடோ அதற்கு மேலோ ஜி.எஸ்.டி. இருக்கவேண்டும். தில்லி செல்லவேண்டிய தொகை குளிர்பதனப் பெட்டியாகவும் துணிதுவைக்கும் இயந்திரமாகவும் வீட்டுக்குள் வந்தது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் நிறுவனங்களாக மாற்றப்பட்டு, கனரக வாகனத் தொழிற்சாலை ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் பகுதியாயிற்று.

*

யார் போகலாம், செலவை யார் ஏற்பது என்பவற்றைப் பார்த்தோம். எப்போது போவது என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் வருகிறது. தில்லியில் வெயில் 45 பாகையைத் தொடும் காலம் அது. டிசம்பர் இறுதியின் அரையாண்டு விடுமுறையிலோ பனிமூட்டம் ரயில்களை மணிக்கணக்கில் தாமதப்படுத்தும். குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம் மலர்ந்து திறக்கும் பிப்ரவரியில் எங்கள் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். எஞ்சுவது அக்டோபரின் சில நாள்கள். ஆயுத பூஜைக்கு இயந்திரங்களுக்குப் பொட்டிட்டுவிட்டு ரயிலேறுவது எல்லா வகையிலும் பொருத்தமானது.

கிழமைக் கணக்கும் உண்டு. வேலையை முடித்துச் சனிக்கிழமை இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுபவர் திங்கள் காலை தில்லியில் இறங்குவார். திங்களன்று செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் நான்கும் விடுமுறை. ஆக்ராவின் தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எனவே திங்களைக் குதுப்மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் ஒதுக்கவேண்டும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் அறுபது நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. 120 நாள் என்ற பழைய கணக்கை வைத்துத் திட்டமிட முடியாது.

பழைய பட்டியலை வைத்தும் திட்டமிட முடியாது. ஆங்கிலேயர் கிங்ஸ்வே என்று அழைத்தது ராஜபாதையாகி, 2022 செப்டம்பரில் கர்த்தவ்ய பத் ஆகிவிட்டது. இந்தியா கேட்டின்கீழ் 1972 முதல் எரிந்த அமர் ஜவான் ஜோதி, 2022 ஜனவரியில் பக்கத்திலுள்ள தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் சுடரோடு சேர்க்கப்பட்டது. முகலாயத் தோட்டம் 2023இல் அம்ருத் உத்யான் ஆயிற்று. அதே ஆண்டில் நாடாளுமன்றம் புதிய கட்டடத்துக்குப் போக, வட்டவடிவப் பழைய கட்டடம் சம்விதான் சதன் என்று பெயர்பெற்றது. தில்லி எப்போதும் தன்னைத் திருத்தி எழுதிக்கொள்ளும் நகரம். அப்பாவின் தில்லியும் மகளின் தில்லியும் ஒரே வரைபடத்தில் அடங்குவதில்லை.

*

எதைப் பார்ப்பது என்பதே கடைசிக் கேள்வி. எங்கள் யோசனை எளியது. பட்டியலை நீட்டவேண்டாம், நம் ஊரிலிருந்து போகிறவரின் கண்ணோடு பார்க்கலாம்.

சர்தார் படேல் சாலை ஓரத்தில் காந்தியும் பத்துப்பேரும் நடக்கும் 'க்யாரா மூர்த்தி' என்னும் சிற்பத் தொகுதி இருக்கிறது. பேருந்துகள் அங்கே நிற்பதில்லை. அதைப் படைத்த தேவி பிரசாத் ராய் சௌதரி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருந்தவர். மெரினாவின் உழைப்பாளர் சிலையும் அவருடையதே. உழைப்பாளர் சிலையை அறிந்தவர் தண்டி யாத்திரையின் அந்த முகங்களை உடனே அடையாளம் கண்டுகொள்வார். பாறையைப் புரட்டும் அதே தசைகள் இங்கே நடக்கின்றன.

ஜன்பத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் சோழர்கால நடராஜர் இருக்கிறார். இரண்டாயிரம் கிலோமீட்டர் கடந்து போய் நம் ஊர் வெண்கலத்தைப் பார்ப்பானேன் என்று கேட்கலாம். அங்கே அவர் மாலையும் திரையும் இல்லாமல், நான்கு பக்கமும் சுற்றி வந்து பார்க்கும்படி நிற்கிறார். கோயிலில் கிடைக்காத காட்சி அது. செங்கோட்டையில் பேரரசரின் சபாமண்டபத்தின் முன் நிற்கும்போது, சாத்தங்காடு என்ற பெயர் இங்கே ஒரு நாள் உச்சரிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று எண்ணிக்கொள்ளலாம். குதுப் வளாகத்தில் அண்ணாந்து 73 மீட்டரையும் அளந்தபின், துருவேறாத இரும்புத் தூணின் அருகே சற்று அதிக நேரம் நிற்கலாம். உலோகத்தோடு பழகிய அம்பத்தூர்க்காரருக்கு அதில் மற்றவர் காணாதது தெரியும். மாலையில் மலை மந்திரின் படியேறினால், வீட்டைவிட்டுப் போன தமிழர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட ஒரு ஊர் அங்கிருக்கிறது.

கர்த்தவ்ய பத்தில் அணிவகுப்பு இல்லாத ஒரு நாளில் நடந்துபார்ப்பது நல்லது. புல்வெளியும் நீர்க்கால்களும் ஐஸ்கிரீம் வண்டிகளும் குடும்பங்களுமாக அது சாதாரணமாக இருக்கும். இந்தச் சாலையின்மேல் போன இரும்புகளில் ஒரு பகுதி எங்கள் ஊரில் உருக்கொண்டது என்று உடன்வரும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். சத்தியமூர்த்தி நகர் என்ற பெயரையும் சொல்லவேண்டும். இன்று அந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. பூண்டி ஏரியின் பெயரில் சத்தியமூர்த்தி இருக்கிறார் என்பதாவது தெரிந்திருக்கும்.

அம்பத்தூர்ப் பட்டறைத் தொழிலாளிக்கு இந்தத் திட்டத்தில் எந்தப் பக்கத்தில் இடம் என்ற கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. சொல்லக்கூடியது ஒன்று உண்டு. தில்லி போய்வருகிறவர்கள் படங்களை மட்டும் கொண்டுவராமல், பார்த்ததை எழுதியும் வைக்கலாம். வீராசாமி தம் நண்பர் சீனிவாச பிள்ளைக்கு எழுதியனுப்பியதுதான் பின்னாளில் நூலாயிற்று. எந்த வண்டி, எந்தத் தெரு, என்ன விலை, யார் வீட்டில் சாப்பாடு, எதைக் கண்டு மனம் நின்றது என்று பத்துப் பக்கம் போதும். அடுத்து யார் போவார்களோ அவர்களுக்கு அது உதவும். போகமுடியாதவர்களுக்கும் உதவும்.